டயரில் நூல் தெரியுது

போன ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன், காரின் முதுகில் ஒரு சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தான். சைக்கிள் காரில் சவாரி செய்யும் காலம் இது. எங்கள் காலத்து ஆரணியில் மற்றதெல்லாம் சைக்கிளில்தான் சவாரி செய்தன. பட்டுநூல் கட்டு, களம்பூர் அரிசி மூட்டை, காய்ச்சல்காரப் பிள்ளை, கல்யாணச் சீர்ப் பாத்திரம். ஒரு தடவை, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு தறியின் படமரம்.

வாசலில் இறக்கி நிறுத்தினான். பாசி படிந்த குளத்தின் நிறம். ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை, செயின் கவர் இல்லை, பூட்டு இல்லை. இல்லாதவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்.

"இது கிராவல் பைக், மாமா."

"அப்படின்னா?"

"தார் ரோடு, மண் ரோடு, சரளை, எல்லாத்துலயும் சொகுசாப் போவும்."

"சைக்கிள்னா அப்படித்தானேடா போவும்?"

வயதானவர்களிடம் பேசுவதற்கென்று பிள்ளைகள் தனியாக வைத்திருக்கும் ஒரு பொறுமை உண்டு. அதை எடுத்துக்கொண்டான். "இத்தனை நாளா ரோடு சைக்கிளுக்கு ஒல்லி டயர்தான் போட்டாங்க. 23 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர். காத்து கல்லு மாதிரி அடிக்கணும். இப்பத்தான் ஆராய்ச்சி பண்ணி, டயர் அகலமா இருக்கணும், காத்து கம்மியா இருக்கணும், அதுதான் சொகுசு, வேகமும் குறையாதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இது 40 மில்லிமீட்டர்."

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அளக்காமல் எதையும் நம்புவதில்லை. பின்கட்டில் தறிக்குழிக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்தி நின்ற என் அப்பா, நைனாவின் சைக்கிளை உருட்டிவந்து, அவன் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். டயரின் விலாவில் 28 x 1½ என்று அச்சு. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். பக்கத்திலேயே பொடி எழுத்தில் இன்றைய உலக அளவும் போட்டிருந்தது: 40-635. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில்.

மருமான் குனிந்து பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நைனா அந்த ஹெர்குலிஸை 1968ல் வாங்கினார். 1949ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் சரக்கு. கறுப்பு, 22 அங்குல பிரேம், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, கம்பி பிரேக், டைனமோ. இந்த ஜாதி வண்டி வெள்ளைக்காரன் தன் ஊர்க் கரடுமுரடான சாலைகளுக்காகச் செய்துகொண்டது. அங்கே சாலை சீரானதும் அவன் இதைக் கைவிட்டுவிட்டான். இங்கே சாலை சீராகாததால் நாம் விடவில்லை. இதற்குப் பொதுப்பணித்துறைக்கு நாம் நன்றி சொன்னதே கிடையாது.

அன்றைக்கு ஆரணியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரே பயணத்தில் நாலு வகைத் தரை. தெருவில் புழுதி. வேலூர் சாலையில் ஒரு லாரி அகலத்துக்குத் தார், இரண்டு ஓரமும் சரளை. எதிரே பஸ் வந்தால் சைக்கிள்காரன்தான் சரளையில் இறங்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். கிராமத்துக்குத் திரும்பினால் மாட்டுவண்டித் தடம். கமண்டல நாகநதிக்குள் இறங்கினால் முழங்கால் அளவுக்கு மணல். இன்றைக்கு இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, அதற்கென்று பந்தயம் நடத்தி, பதக்கம் தருகிறார்கள். நாங்கள் அதைச் சந்தைக்குப் போகிற வழி என்று சொல்லிவந்தோம்.

சேலை அறுத்தபிறகு நைனா அதை மல்துணியில் சுற்றி, கேரியரில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் வைத்துக் கட்டி, முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவார். பாவு ஏற்றியதிலிருந்து அன்றுவரைக்கும் உள்ள கூலி, அம்மா காலை மாலை தார் சுற்றிய கூலியும் சேர்த்து, பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் காற்று விஷயத்தில் அவர் கறார். கோட்டை மைதானத்துப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை சொல்வார்: "பின்னாடி நல்லா அடிங்க பாய். முன்னாடி கொஞ்சம் தளர்வா விடுங்க."

பாய்க்கு அது பிடிக்காது. காற்றைக் கல்லாக அடித்துவிடுவதுதான் தொழிலுக்கு மரியாதை என்று நினைப்பவர். "முன்னாடி தளர்ந்தா வண்டி இழுக்காதே, முதலியாரே" என்பார். நைனா சிரிப்பார். "நாடா தள்ற கை பாய். மரத்துப்போச்சுன்னா ஊடை ஒழுங்கா விழாது."

அப்போது எனக்கு அது புரியவில்லை. கரடான சாலையில் இறுகிய டயரில் பத்து மைல் போய்வந்தால் உள்ளங்கை இரண்டும் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகும். நமக்கென்றால் அரைமணியில் சரியாகிவிடும். கோர்வைச் சேலை நெய்கிறவனுக்கு அந்த அரைமணியில் கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஒரு இழை பிசகும். நைனா தேடியது சொகுசு இல்லை. கூலியில் பிடித்தம் இல்லாமல் இருக்க வழி தேடினார். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தில் பாரம் அதிகம், எனவே பின்னால் காற்று கூட, முன்னால் குறைய என்பதை இன்றைக்கு மருமானின் கைபேசி, எடையையும் டயர் அகலத்தையும் கேட்டுக்கொண்டு, புள்ளி வைத்துச் சொல்கிறது.

ஆற்றுக்கு வந்ததும் இறங்கி, வால்வின் திருகைக் கொஞ்சம் தளர்த்துவார். "சீ" என்று ஒரு மூச்சு. டயர் சப்பையாகி மணலில் பரவி நிற்கும். அக்கரையில் ஏறி, பிரேமில் செருகிய கைப்பம்பால் மறுபடி அடித்துக்கொள்வார். பாலைவனத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கோ, காற்றைக் குறைப்பதன் அருமையை முதலில் கற்பித்தது போலீஸ்காரர்தான். ராத்திரி லைட் இல்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் பிடித்து, இரண்டு சக்கரத்துக் காற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு அனுப்புவார்கள்.

அந்தக் காலத்தைத் தூக்கிப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்துக் கம்பி பிரேக்கை மழையில் பிடித்துப் பார்த்ததில்லை. முலாம் பூசிய ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். செருப்புக் காலை முன்டயரின் மேல் வைத்து அழுத்தித்தான் நிறுத்துவோம். செருப்பு தேயும், சில சமயம் பல்லும். வண்டியின் எடை இருபது கிலோவுக்கு மேல். ஒரே ஒரு கியர், அது சமதளத்துக்கானது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அதில் வெட்கம் கிடையாது. பாவு ஓட்டுகிற நாளில் தெருவிலும் இறங்கித் தள்ள வேண்டும். விடியற்காலை தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அதன் ஓரமாகச் சைக்கிளில் ஏறிப் போக ஊரில் எந்த ரவுடிக்கும் தைரியம் வராது.

இனி தலைப்பில் சொன்ன நூலுக்கு வருகிறேன்.

டயர் தேய்ந்து மேல் ரப்பர் போனதும் உள்ளேயிருந்து வெளுத்த இழைகள் எட்டிப்பார்க்கும். "டயர்ல நூல் தெரியுது, மாத்திடுங்க" என்பார் பாய். ஒருநாள் நைனா அப்படி மாற்றிய டயரை வீட்டுக்கு எடுத்துவந்தார். கிணற்றில் வாளிக்கு அண்டை கொடுக்க என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து, தறியில் அறுந்த இழை எடுக்கிற ஊசியால் ரப்பரைக் கிளறி, நூலை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"பாருடா. இதுல ஊடையே இல்ல."

நான் பார்த்தேன். நூல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நெருக்கமாகப் படுத்திருந்தது. அதற்கு அடியில் இன்னொரு அடுக்கு, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து. ஒன்றோடொன்று பின்னவில்லை. "பாவு மேல பாவு. நெய்யாத துணி. எவனோ நெசவு தெரியாதவன் பண்ணிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

நைனா சொன்னதில் பாதிதான் சரி. நெசவு தெரிந்தவன்தான் அதைச் செய்திருக்கிறான் என்பதை, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துப் படித்தேன். 1888ல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயரில் ரப்பர் குழாயைச் சுற்றி இருந்தது நெய்த துணி. நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி நிமிரும்போது, அந்தச் சந்திப்புகளில் இழையை இழை அறுத்தது. 1890களில் பால்மர் என்ற அமெரிக்கர் ஊடையைத் தூக்கி எறிந்தார். இழைகளைப் பின்னாமல், ரப்பரில் தோய்த்து, எதிரெதிர்ச் சாய்வில் அடுக்கினார். ஒன்றையொன்று உரசாததால் டயர் எளிதாக வளைந்தது, சூடு குறைந்தது, வண்டி லேசாக ஓடியது. ஊடையை எடுத்ததால் பிழைத்த ஒரே துணி உலகத்தில் டயர்தான் என்று நினைக்கிறேன்.

அதோடு முடியவில்லை. நல்ல டயருக்கு ஒரு அங்குலத்தில் எத்தனை இழை என்று கணக்கு உண்டு. மலிவான டயரில் 30, 60; நல்லதில் 120. இழை மெலிந்து நெருங்க நெருங்க டயர் இளகி, கல்லை ஏறாமல் விழுங்கிக்கொண்டு போகும். பருத்தி, நைலான் எல்லாம் உண்டு. ஆனால் சைக்கிள் பந்தயக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது எதை என்று கேளுங்கள். பட்டு. கிளெமெண்ட் கம்பெனி இத்தாலியில் செய்த ஒரு பந்தய டயரின் பெயரே 'கிரிட்டீரியம் செட்டா'. செட்டா என்றால் இத்தாலிய மொழியில் பட்டு. மெலிந்ததும் வலுத்ததும் வளைவதுமான நூல் அதைவிட வேறில்லை என்பது எங்கள் ஊருக்குப் புதிய சேதி இல்லை. ஆனால் அதை ரோட்டில் வைத்துத் தேய்ப்பார்கள் என்று சொல்லியிருந்தால் நைனா அடிக்க வந்திருப்பார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பட்டுக்கும் சைக்கிளுக்கும் பழைய சம்பந்தம். இங்கிலாந்தின் கவென்ட்ரி, பட்டு ரிப்பன் நெய்த ஊர். 1860ல் பிரான்சோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் இறக்குமதி வரி போனதும் தறிகள் நின்றன. வேலையிழந்த ஊர் தையல் மிஷின் செய்தது, பிறகு சைக்கிள் செய்தது. இன்றைய சைக்கிளின் மூதாதையான ரோவர் 1885ல் அங்கிருந்துதான் வந்தது. பிரான்சின் சேன்ட் எட்டியனும் அப்படியே ரிப்பன் ஊர், பிறகு சைக்கிள் ஊர். அங்கே பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் கடையும் 1887ல் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார் பால் தெ விவி. வெலோசியோ என்ற பெயரில் எழுதினார். தொலைதூரம் போகிறவனுக்குக் கியர் வேண்டும், டயர் அகலமாக இருக்க வேண்டும் என்று 1930ல் சாகும்வரை வாதாடினார். பந்தயக்காரர்கள் காதில் ஏறவில்லை. கியர் மாற்றும் டீரெயிலரை டூர் தெ பிரான்ஸ் பந்தயம் அனுமதித்ததே 1937ல்தான். அகல டயருக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

மூன்றாவது பட்டு ஊரான ஆரணி என்ன செய்தது? டி.வி.எஸ். 50 வாங்கியது.

1980ல் அந்த வண்டி வந்தபிறகு எங்கள் தெருவில் சைக்கிள் ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்குப் போயிற்று. நானும் வாங்கினேன், நானும் மறந்தேன். 90களில் என் பையனுக்குச் சைக்கிள் வாங்கப் போனபோது கடையெல்லாம் 'மலைச் சைக்கிள்' நிறைந்திருந்தது. பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக டயர், முன்னால் குதிக்கிற ஷாக் அப்சார்பர். சுற்றுவட்டாரத்தில் மலை என்றால் ஜவ்வாது மலை. பையன் போனது டியூஷனுக்கு. தார் சாலையில் அந்த டயர் வண்டு மாதிரி இரைந்தது. அவன் எழும்பி மிதித்தால் பாதி பலம் ஷாக்கை அமுக்குவதிலேயே போயிற்று. பத்தாவது முடிவதற்குள் அந்த ஷாக் துருப்பிடித்து, குதிப்பதையும் நிறுத்திவிட்டது. நான் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். தப்புக் கணக்கு.

அப்புறம் 2014ல் இதே மருமான் ஒல்லிச் சைக்கிள் ஒன்று கொண்டுவந்தான். எட்டு கிலோ. ஒரு விரலால் தூக்கலாம். 23 மில்லிமீட்டர் டயர், 110 பவுண்டு காற்று. எனக்கு ஆசை விட்டதா? எஸ்.வி. நகரம் அரண்மனை வரைக்கும் போய்வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். ஊர் எல்லை வரை பறந்தேன் என்றே சொல்லவேண்டும். சாலையில் கிடந்த ஒவ்வொரு பொடிக்கல்லும் முதுகெலும்பில் வந்து வணக்கம் சொன்னது. புதுத் தார் முடிந்து பழைய தார் தொடங்கும் இடத்தில் இரண்டு அங்குலப் படி. மூன்று நாள் முன்னால் அடித்த காற்று, ஒல்லி டயரில் கொள்வதே கொஞ்சம், அதிலும் குறைந்திருந்தது. டயர் முழுக்க நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி, பாம்பு கொத்தின மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

தள்ளிக்கொண்டு வந்து ஒரு டூவீலர் பஞ்சர் கடையில் நின்றேன். பையன் வால்வைப் பார்த்தான். அது ஊசி மாதிரி ஒல்லி. கம்ப்ரசர் குழாயின் மூக்கு அதில் உட்காரவில்லை. "இது சைக்கிளா சார், இல்ல ஆஸ்பத்திரி சாமானா?" என்றான். வீடு வரைக்கும் நடந்தேன். தெருவில் ஆறு பேர் விசாரித்தார்கள். ஆறு பேருக்கும் விலையைச் சொல்லவேண்டியிருந்தது.

ஒல்லி டயர் வேகம் என்பது முழுப் பொய் இல்லை. கண்ணாடி போன்ற தளத்தில் காற்றை ஏற்ற ஏற்ற டயர் குறைவாக நசுங்கும், லேசாக ஓடும். சோதனைச்சாலையில் உருளைமேல் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னது அதைத்தான். ஆனால் உருளைமேல் மனுஷன் உட்காருவதில்லை. நிஜச் சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு சொரசொரப்பிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அப்படிக் குலுங்கும் தொடை, முதுகு, கன்னச் சதை எல்லாம் தின்பது மிதிக்கிறவனின் பலத்தைத்தான். சியாட்டிலிலிருந்து வரும் 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' பத்திரிகையின் ஆசிரியர் யான் ஹைன, சாலையிலேயே ஓட்டி அளந்து, இளகிய அகல டயர் மெதுவானதில்லை என்று எழுதியபோது நிறையப் பேர் சிரித்தார்கள். இன்றைக்கு டூர் தெ பிரான்ஸ் வீரர்களே 28, 30 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். இன்னும் பத்து மில்லிமீட்டர் வந்தால் நைனாவைப் பிடித்துவிடலாம்.

இதெல்லாம் தெரிந்தவன் என்று ஒரு பெயர் வந்துவிட்டதால், டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்ன ஓய்வு பெற்ற வாத்தியார்கள் எல்லாம் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் டயரை முடிவு பண்ணுங்கள், அப்புறம் அதைச் சுற்றி ஒரு சைக்கிள் தேடுங்கள். அவர்கள் நிறத்தில் தொடங்கி கியர் எண்ணிக்கையில் முடிக்கிறார்கள். கடைக்காரரும் 21 கியர் என்பார். ஆரணியில் மூன்றுக்கு மேல் எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

வேலூர், சென்னை என்று நெடுஞ்சாலையிலேயே போகிறவருக்கு 32 போதும். நம் ஊர்ப்பக்கம், சிமெண்டுத் தெரு, வேகத்தடை, தோண்டி மூடின பள்ளம், ஏரிக்கரை என்று கலந்து வரும். 38லிருந்து 42 வரை வேண்டும். டயரின் நடுப்பாகம் வழவழப்பாக இருக்கட்டும். முள் முள்ளான டயர் சேற்றுக்குத்தான், நமக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் சேறு. போர்க்கின் காலுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று கடையிலேயே விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் ஐப்பசி மழையில் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் நிற்கும், மட்கார்டும் போட முடியாது. பழைய பந்தயச் சைக்கிள்களில் பிரேக் வளையம் டயருக்கு மேலே கவ்வி நிற்பதால் 28க்கு மேல் ஏறாது. டிஸ்க் பிரேக் வந்தபிறகுதான் அந்த இடுக்கு விரிந்தது. மூவாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ஷாக் வைத்தது வாங்காதீர்கள். அந்தக் காசை டயரில் போடுங்கள். ஹேண்டில்பார் சீட்டு உயரத்துக்கு வரட்டும். நமக்கு இந்த வயதில் குனிந்து கும்பிட வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள்.

காற்றுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் சொன்னது: ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து நசுங்க வேண்டும். 40 மில்லிமீட்டர் டயரென்றால் 6 மில்லிமீட்டர். டியூபில்லாத 40 டயருக்கு, எழுபது கிலோ ஆளுக்கு, முன்னால் 32, பின்னால் 36 பவுண்டு வாக்கில் வரும். அதே 36ஐ ஒல்லி டயரில் அடித்தால் ரிம் தரையில் தட்டும். ஒல்லி டயருக்கு அடிக்கும் 100ஐ இதில் அடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று தெறிக்கும். அகலம் கூடும்போது அதே காற்றே இழையை அதிகமாக இழுக்கும். தறியில் பாவை எவ்வளவு இழுத்துக் கட்டுவது என்று தெரிந்த ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆடி வெள்ளிக் கூட்டத்துக்கு முந்தின நாள் விடியற்காலை நானும் மருமானும் படவேட்டுக்குக் கிளம்பினோம். அவன் தன் கிராவல் பைக்கில், நான் நைனாவின் ஹெர்குலிஸில். வாசலில் நின்று பார்த்த அக்கா, "எனக்கு ஒரு நாளு குரங்குப் பெடல் கூட ஓட்ட விட்டீங்களாடா?" என்றாள். உண்மைதான். பொம்பளைப் பிள்ளை ஏறினால் ஊர் சிரிக்கும் என்று நைனா விடவில்லை. நைனாவும் எல்லாவற்றிலும் முற்போக்கு இல்லை. 2001ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005ல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த அரசாங்க சைக்கிள் அக்காவின் பேத்திக்குக் கிடைத்தது. பத்தாவது முடித்து, ஜடையில் ரிப்பன் பறக்க, அதில்தான் பள்ளிக்கூடம் போனாள்.

தார் சாலையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனோம். மேட்டில் அவன் கியரை மாற்றி ஏறிப்போய் ஒரு புளியமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தான். ஏரிக்கரைச் சரளையில் சமம்; சொல்லப்போனால் என் தோல் சீட்டுதான் மேல், அவன் பாதி நேரம் நின்றுகொண்டே வந்தான். இறக்கத்தில் அவன் இரண்டு விரலால் பிரேக் பிடித்தான், நான் பெருமாளைப் பிடித்தேன். வாழைத்தோப்புகள் தொடங்கும் இடத்தில் வேலிக்காத்தான் முள் ஒன்றிரண்டு வழியில் கிடந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் குத்தியது. அவன் டயரில் டியூப் கிடையாது. உள்ளே ஊற்றியிருந்த ரப்பர்ப் பால் வெள்ளையாகக் கசிந்து, நாலு சுற்றில் ஓட்டையை அடைத்துக்கொண்டது. நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரமே காய்ந்துவிடுமாம், மூன்று மாதத்துக்கொருமுறை ஊற்ற வேண்டுமாம். என் டயர் நைனா ஆற்றங்கரையில் விட்ட அதே "சீ" சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டது.

தள்ளிக்கொண்டு போய் ஒரு கடையில் நிறுத்தினேன். அறுபது வயதுக்காரர். டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் தீக்குச்சியால் குறி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, துண்டு ஒட்டி, சுத்தியல் பிடியால் தட்டினார். பிறகு டயரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"நூல் தெரியுது சார். திரும்பிப் போறதுக்குத் தாங்கும். ஊருக்குப் போனதும் மாத்திடுங்க. 28 ஒன்றரை இன்னும் கிடைக்குது."

கிடைத்தது. இரண்டு டயர், இரண்டு டியூப், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். மருமானின் ஒரு டயர் நாலாயிரம். முன்சக்கரத்துக்குக் காற்று அடித்த பையன் கல்லாக அடித்துவிட்டான். வீட்டுக்கு வந்து வால்வைத் தளர்த்திக் கொஞ்சம் விட்டேன்.